தேய்ந்த கார் இன்ஜினுக்குப் பதிலாகக் குறைவாக ஓடிய பழைய இன்ஜினைப் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

இன்ஜினைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய வித்தை அல்ல. நல்ல செயின் பிளாக்கும் (சங்கிலியால் பளு தூக்கும் கருவி) பொறுமையான இரண்டு பேரும் இருந்தால் சிறிய காரில் செய்துவிடலாம். இந்த வேலை கெடுவது வேறு இரண்டு இடங்களில்: இன்ஜினை வாங்கும் கடையில் ஒருமுறை, வாங்கிய இன்ஜின் பட்டறைத் தரையில் கிடக்கும் நேரத்தில் மறுமுறை. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் கூடுதலாக நின்று பேசப் போகிறேன்.

நம் ஊர்ச் சாலைகளில் நிறைய ஓடும் மாருதி வேகன்ஆர் காரை எடுத்துக்கொள்வோம். அதில் சில ஆண்டுகளுக்கு முன்வரை வந்த கே10பி இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய பிளாக், டைமிங் செயின் கொண்டது. முன்சக்கர இயக்கமும் மேனுவல் கியரும் உள்ள மற்ற சிறிய பெட்ரோல் கார்களுக்கும் வரிசை ஏறத்தாழ இதுதான். நீங்களே செய்யாமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தாலும் வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்த இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

1. கோளாறு இன்ஜினில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புகை வருகிறது, இழுவை இல்லை என்ற இரண்டு காரணங்களுக்காக மட்டும் இன்ஜினை மாற்றாதீர்கள். அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் இழுவையைக் குறைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் மாற்றினாலே போதும்.

கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பிளக் துளையில் கேஜ் வைத்துப் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். மூன்று பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி செல்ஃப் அடித்துச் சுழற்ற வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். சரியான அளவை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். மொத்த அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடுதான் அதிகம் பேசும். பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கலாம். ஹெட்டை மட்டும் இறக்கிச் சரிசெய்யக்கூடிய வேலைக்கு முழு இன்ஜினை வாங்குவது வீண் செலவு.

2. எது பொருந்தும் என்று பட்டியலிட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்

கே10பி என்ற பெயர் ஏ-ஸ்டார், ஆல்டோ கே10, வேகன்ஆர் எனப் பல கார்களில் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் மவுண்டிங் பிராக்கெட், இன்டேக் மேனிஃபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி), சென்சார் கப்ளர்கள் (வயர் இணைப்புகள்) ஆகியவை மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறலாம். உங்கள் இன்ஜினை நான்கு பக்கமும் படமெடுத்துக் கையில் வைத்திருங்கள். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று சொல்லும்போது அந்தப் படங்கள் உங்களுக்காகப் பேசும்.

மாசு விதியையும் பாருங்கள். நாடு முழுவதும் பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரலிலும் பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தன. உங்கள் வண்டி எந்த விதிப்படி பதிவானதோ அதற்குக் கீழான இன்ஜினை வாங்கினால் சென்சார்களும் பொருந்தாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒப்ப மாட்டார்கள்.

சிஎன்ஜியில் ஓடிய இன்ஜினைத் தவிர்ப்பது என் பழக்கம். எரிவாயு உலர்ந்த எரிபொருள். நீண்ட நாள் ஓடியவற்றில் வால்வு சீட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்டேக் மேனிஃபோல்டில் கூடுதலாகத் துளையிட்டு அடைத்த தடம் இருந்தால் அது வெளியில் கிட் போட்ட வண்டியின் இன்ஜின்.

3. கிலோமீட்டரை நம்பாதீர்கள், இன்ஜினைப் பாருங்கள்

ஓடிய கிலோமீட்டர் இன்ஜினில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அது டேஷ்போர்டு மீட்டரில் இருக்கிறது. மீட்டர் எந்த வண்டியுடையது என்பதைக் கடைக்காரர்தான் சொல்கிறார். 'நாற்பதாயிரம்தான் ஓடியது' என்ற சொல்லுக்கு அதனால் மதிப்பில்லை. அந்த இன்ஜின் இருந்த மூல வண்டியின் பதிவெண்ணும் ஆர்.சி. நகலும் கிடைத்தால், அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் கடைசி சர்வீஸின் கிலோமீட்டரைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இன்ஜினையே சாட்சியாக்க வேண்டும்.

எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பின்பக்கம் அடிபட்டு காப்பீட்டில் முழு இழப்பாக எழுதப்பட்ட காரின் இன்ஜின்தான் ஆகச் சிறந்தது. மோதும் நொடிவரை அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மோதியதாக இருந்தால் கிராங்க் பூலி (முதன்மைத் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்), சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), மவுண்டிங் போல்ட் ஏறும் காதுகள் ஆகியவற்றில் விரிசல் தேடுங்கள்.

வண்டியிலிருந்து இறக்காத இன்ஜின் கிடைத்தால் கொஞ்சம் அதிக விலை கொடுத்தாலும் அதை வாங்குங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், கம்ப்ரஷன் எடுக்கலாம். ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வால்வு தட்டும் ஓசையும் காலை நேரப் புகையும் சூட்டில் மறைந்துவிடும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பெரும்பாலும் இறக்கிவைத்த இன்ஜின்தான் கிடைக்கும். இந்தக் கார்களில் செல்ஃப் மோட்டார் கியர் பாக்ஸின் மேல் அமர்ந்திருப்பதால், கியர் பாக்ஸ் இல்லாத இன்ஜினைச் சுழற்றிக் கம்ப்ரஷன் எடுக்க முடியாது. கியர் பாக்ஸோடு வாங்குவதன் உண்மையான ஆதாயம் இதுதான். அது இல்லையென்றால் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

கிராங்க் பூலி போல்டில் ஸ்பேனர் வைத்து, ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினில் அந்த இரண்டு சுற்றுக்குள் மூன்று முறை அழுத்தம் கையில் தெரிய வேண்டும், மூன்றும் ஒரே அளவாக. ஒரு முறை கை வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டரில் காற்று நிற்கவில்லை. சுற்றும்போது எங்காவது இடறினால் விலை பேசவே வேண்டாம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தெளிவாகவோ இளம்பழுப்புப் படலத்தோடோ தெரிந்தால் ஆயிலைக் காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். கரிய களி ஒட்டியிருந்தால் மாற்றவில்லை. மோர் நிறத்தில் நுரைத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியை மட்டும் துடைத்து வைக்கும் கடைகள் உண்டு; ஆகவே மூடியைவிட உள்ளே பாருங்கள்.

சம்ப் போல்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பாகவோ மினுங்கும் தூள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். மினுக்கம் இருந்தால் எழுந்துவிடுங்கள்.

வெள்ள வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவற்றில் புத்தம் புதிய வண்டிகளும் இருக்கும். அவற்றின் மீட்டர் குறைந்த கிலோமீட்டரை நேர்மையாகவே காட்டும். ஆனால் தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது, மேலே வரும் பிஸ்டனுக்கு வழிவிடாது, வளைய வேண்டியது ராடுதான்.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் துளையில் நீளமான மெல்லிய மரக்குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் ஏற ஏறக் குச்சியும் ஏறும். அது உச்சிக்கு வந்து நிற்கும் இடத்தில், துளையின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். அதே குச்சியை மற்ற இரண்டு சிலிண்டர்களிலும் வைத்துப் பாருங்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலகி நின்றால் அந்த ராடு குட்டையாகிவிட்டது, அதாவது வளைந்துவிட்டது. குச்சி சாயாமல் நிற்பது முக்கியம். சந்தேகம் வந்தால் இருமுறை அளந்து பாருங்கள்.

ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளிலும் பிராக்கெட்டுகளின் பின்புறத்திலும் விரலை விட்டு வழியுங்கள். கழுவி எடுத்த இன்ஜினிலும் அங்கே மட்டும் வண்டல் மண் தங்கியிருக்கும். கப்ளர் ஊசிகள் பச்சை பூத்திருந்தாலும் அதே கதைதான்.

4. பணம் கொடுக்கும் முன் காகிதங்கள்

பிளாக்கில் பொறித்துள்ள இன்ஜின் எண்ணைத் துடைத்துப் படமெடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் ராவிய தடமோ, எழுத்துகளின் ஆழத்தில் வேறுபாடோ இருந்தால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பில்லில் இன்ஜின் எண், தேதி, விற்பவரின் முகவரி, திருப்பிக்கொடுக்கும் நிபந்தனை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். மூல வண்டியின் ஆர்.சி. நகலையும், அது பிரிக்கப்பட்டதற்கான அல்லது பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றையும் கேளுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜின் இல்லை என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் வண்டியின் விவரங்களைக் கொடுத்துத் தேடலாம். 'பில் பிறகு தருகிறேன்' என்றால் பணமும் பிறகு என்று சொல்லிவிடுங்கள்.

காகிதத்தை ஏன் இப்போதே பார்க்க வேண்டும்? மாட்டிய பிறகு அந்த எண்ணை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். ஏற்ற முடியாத இன்ஜின் வண்டியையே விற்க முடியாததாக்கிவிடும்.

5. வண்டியைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் அல்லது இன்ஜின் ஹாயிஸ்ட், உறுதியான இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச் (போல்டை அளந்து இறுக்கும் ஸ்பேனர்), கிளட்சை நடுவில் நிறுத்தும் கருவி, தீயணைப்பான். செயின் பிளாக்கை எதில் தொங்கவிடுகிறீர்கள் என்பதும் கேள்விதான். கார் ஷெட்டின் தகரக் கூரைக் குழாய் அதற்கானதல்ல.

வாங்கி வைக்க வேண்டியவை: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்; கிராங்கின் பின்பக்க ஆயில் சீல்; ஆக்சில் ஆயில் சீல்கள்; வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்; வால்வு கவர், மேனிஃபோல்ட், சைலன்சர் கேஸ்கெட்டுகள்; பிளக்குகள், பெல்ட், ஃபில்டர்; இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் பெல்ட்டும் டென்ஷனரும் கட்டாயம். இவற்றுக்கு இன்ஜின் விலையில் மூன்றில் ஒரு பங்காவது தனியாக ஒதுக்குங்கள். ஒதுக்காதவர்கள்தாம் பழைய கிளட்சையே மாட்டிவிட்டு, சில மாதங்களில் மறுபடி கியர் பாக்ஸை இறக்குகிறார்கள்.

6. பேட்டரியைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் முதலில் பேட்டரியைக் கழற்றுகிறார்கள். பாதுகாப்பு என்று எண்ணிச் செய்வதுதான், ஆனால் வரிசை தவறு.

முதலில் பெட்ரோல் அழுத்தத்தை இறக்குங்கள். ஃபியூவல் பம்ப்பின் ஃபியூஸ் அல்லது ரிலேயை எடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும். பிறகு இரண்டு முறை சுழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் இதைச் செய்ய வழியே இல்லை.

அடுத்தது ஆக்சில் நட்டு. ஆக்சிலை முழுவதுமாக வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்றால், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றவர் நட்டைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு சக்கரம் சேர்ந்து சுற்றும். கம்பியைச் செருகி மல்லுக்கட்டுவீர்கள். தளர்த்திய பிறகு வண்டியை உருட்டாதீர்கள், வீல் பேரிங் கெடும். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஆக்சிலின் உள்முனையை மட்டும் உருவப் போகிறீர்கள் என்றால் இந்த நட்டைத் தொட வேண்டியதில்லை.

முந்தைய நாள் மாலையே சைலன்சர் போல்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைப்பதும் நல்லது. துருவேறிய ஸ்டட் முறிந்தால் அரை நாள் போய்விடும்.

7. கழற்றும் வரிசை

பேட்டரியில் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் பைப் இருக்கிறது.

இன்ஜின் ஆறிய பிறகு கூலண்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடியுங்கள். கியர் ஆயிலை மறந்துவிட்டு ஆக்சிலை உருவினால் அது அப்படியே கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். அந்த வாடை இரண்டு துவையலுக்குப் போகாது.

பிறகு மேலிருந்து கீழாக: ஏர் ஃபில்டர் பெட்டி, ஆக்சிலரேட்டர் இணைப்பு, வேக்கம் பைப்புகள், வயரிங் கப்ளர்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ்கள், பெட்ரோல் பைப், கிளட்ச் கேபிள், கியர் கேபிள்கள், கடைசியில் சைலன்சர் பைப்பும் ஆக்சில்களும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படமெடுத்து, இரு முனைகளிலும் காகித டேப்பில் ஒரே எண்ணை எழுதுங்கள். படம் மட்டும் போதாது. எந்தப் படத்தில் எந்த பைப் என்று ஒரு வாரம் கழித்துத் தெரியாது. போல்டுகளை அட்டையில் இன்ஜினின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். அலுமினிய பிளாக்கில் நீளம் மாறிய போல்டை ஏற்றினால் மரை போய்விடும்.

ஏசி பைப்புகளைத் திறக்காதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் போல்டு கழற்றி, பைப்போடு சேர்த்து ஓரமாகக் கட்டி வைத்தால் காஸ் அப்படியே இருக்கும்.

ரேடியேட்டரையும் ஃபேனையும் வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஆடும் இன்ஜின் ஒருமுறை ரேடியேட்டரைத் தொட்டாலே புதியது வாங்க வேண்டியதுதான்.

8. தூக்குதல்

மேலே தூக்குவதா, கீழே இறக்குவதா என்பதை அந்த மாடலின் மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த வழியாக இருந்தாலும் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாக வரட்டும். இரண்டையும் மறுபடி இணைக்கும் வேலை தரையில் சுலபம், வண்டிக்குள் கொடுமை.

இன்ஜினில் தூக்குவதற்கென்றே உள்ள கொக்கிகளில் சங்கிலியை மாட்டி, எடை முழுவதும் சங்கிலிக்கு வந்த பிறகுதான் மவுண்டிங் போல்டுகளைக் கழற்ற வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தி நிறுத்துங்கள். சுற்றி வந்து பாருங்கள். அநேகமாக ஏதோ ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும்: ஆக்சிஜன் சென்சார் வயர், கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, அல்லது ஹீட்டர் ஹோஸ். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

9. தரையில் இருக்கும்போதே

இரண்டு இன்ஜின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவசரக்காரர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இன்ஜின் உள்ளே போய்விட்டால் பின்பக்கம் எதுவும் கைக்கு எட்டாது. இங்கே ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு அங்கே முழு இன்ஜினையும் மறுபடி தூக்க வேண்டும்.

வெளிப்புறக் கருவிகளில் உங்கள் வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றையே மாற்றி மாட்டுங்கள்: இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, ஆல்டர்னேட்டர், சென்சார்கள். அவை உங்களுக்குப் பழக்கமானவை, கப்ளரும் பொருந்தும். கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் பூலியிலோ ஃபிளைவீலிலோ (கிராங்கின் பின்முனையில் உள்ள கனத்த சக்கரம்) இருந்தால் இரண்டு இன்ஜின்களிலும் பற்களை எண்ணிப் பாருங்கள்.

இசிஎம் பெட்டியை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றாதீர்கள். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) உள்ள வண்டிகளில் சாவியும் இசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி ஓடும். மூல வண்டியின் இசிஎம்மை மாட்டினால் உங்கள் சாவியை அது ஏற்காது.

கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள், கசியாவிட்டாலும். நீண்ட நாள் சும்மா கிடந்த இன்ஜினில் ரப்பர் விறைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் கசியும். அதன் விலை அற்பம், அதை மாற்றக் கியர் பாக்ஸை இறக்கும் கூலி அற்பமல்ல. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஹெட் கேஸ்கெட்டை மட்டும், சோதனையில் குறை தெரியாவிட்டால், தொடாதீர்கள். நன்றாக அமர்ந்திருப்பதைப் பிரிப்பது புதிய பிரச்சினையைக் கூப்பிடுவது.

ஃபிளைவீல் போல்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில், குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். முகப்பில் நீலமாகச் சூட்டுப் புள்ளிகள் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீர்செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

10. கியர் பாக்ஸை இணைத்தல்

இணைக்கும் முன் டோவல் பின்களைத் தேடுங்கள். பிளாக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, விரல் நுனி அளவு குழல்கள் போல இரண்டு இருக்கும். கியர் பாக்ஸ் கிராங்குக்கு நேராக நிற்பது இவற்றால்தான், போல்டுகளால் அல்ல. அவை பழைய பிளாக்கிலேயே தங்கிவிடும், யாரும் கவனிப்பதில்லை. அவை இல்லாமலும் கியர் பாக்ஸ் ஏறிவிடும், போல்டும் இறுகும். பிறகு கிளட்ச் அதிரும், இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம் போடும். காரணம் தெரியாமல் கிளட்சை இரண்டாவது முறை மாற்றுவார்கள்.

கிளட்ச் பிளேட்டைக் கருவியால் நடுவில் நிறுத்தி பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். ஸ்பிளைனில் (கிளட்ச் பிளேட் ஏறும் இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில்) கிரீஸ் ஒரு பொட்டு போதும். அதிகமானால் பிளேட்டில் தெறிக்கும்.

கியர் பாக்ஸ் கை அழுத்தத்திலேயே சரிந்து ஒட்ட வேண்டும். சிறிய இடைவெளி இருக்கும்போதே போல்டைப் போட்டு இழுக்காதீர்கள். அந்த இடைவெளி ஸ்பிளைன் சேரவில்லை என்பதன் அடையாளம். இழுத்தால் அலுமினியக் கூடு வெடிக்கும். பூலியைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டே தள்ளினால் போய் அமரும்.

11. உள்ளே பொருத்துதல்

மவுண்டிங் போல்டுகள் எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். எடை மவுண்டிங்கில் இறங்கிய பிறகு இன்ஜினை இலேசாக ஆட்டி அமரவிட்டு இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே முறுக்கிவிட்டால் மற்றது துளைக்கு நேராக வராது. வந்தாலும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) அதிர்வு தரும்.

மீதி எல்லாம் கழற்றியதன் தலைகீழ் வரிசை. எர்த் பட்டையை மாட்டும் இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மாட்டி முடித்த வண்டி சுழலவே மறுக்கிறது என்று வரும் அழைப்புகளில் பாதி அந்தப் பட்டையை மறந்ததால்தான்.

12. ஸ்டார்ட் செய்யும் முன்

ஆயில், கியர் ஆயில், கூலண்ட் ஊற்றியாகிவிட்டதா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பாருங்கள். கூலண்டைக் குழாய்த் தண்ணீரில் கலக்க வேண்டாம். நம் ஊர் போர்வெல் உப்பு அலுமினியத்தைத் தின்னும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக்குகள் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும்வரை பத்து நொடிகளுக்கு மிகாமல் விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். மாதக்கணக்கில் கிடந்த இன்ஜினின் பேரிங்குகளில் ஆயில் வடிந்துபோயிருக்கும். பிளக்குகள் இல்லாதபோது பேரிங்கின் மேல் சுமை குறைவு. வறண்ட நிலையில் தேயாது. விளக்கு அணையவே இல்லை என்றால் மேலே போகாதீர்கள். ஆயில் அழுத்த சுவிட்சின் வயரைப் பாருங்கள், பிறகு ஆயில் பம்ப்பைச் சந்தேகியுங்கள்.

13. முதல் ஸ்டார்ட்

பிளக்குகளை மாட்டி, சாவியை இரண்டு மூன்று முறை ஆன் நிலைக்குத் திருப்பிப் பெட்ரோல் அழுத்தம் ஏறவிட்டு, பைப் இணைப்புகளில் கசிவு பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டாம். 'ஓடுகிறது!' என்ற மகிழ்ச்சியில் யாராவது முறுக்குவார்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

முதலில் கொஞ்சம் புகை வரலாம், சிலிண்டரில் தங்கிய எண்ணெயும் சைலன்சரில் பட்ட கை அழுக்கும் எரியும். அது குறைந்துகொண்டே போக வேண்டும்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி குளிர்ந்த நிலையிலிருந்து ஓடவிடுங்கள். குமிழிகள் வெளியேற வெளியேறக் கூலண்ட் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அப்போது மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் சென்சார் கூலண்டைத் தொடாது. மீட்டர் அமைதியாக இருக்கும்போதே அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

ஸ்கேனர் மாட்டிப் பழைய கோளாறு எண்களை அழித்துவிட்டு, மறுபடி எது வருகிறது என்று பாருங்கள்.

14. அதன் பிறகு

முதல் ஆயிலை ஐந்நூறு முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். கிடந்த இன்ஜினின் உள்ளே படிந்தவை புதிய ஆயிலில் கரைந்து வரும். மாற்றும்போது அதே வெள்ளைத் தட்டுச் சோதனையைச் செய்யுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மவுண்டிங், ஆக்சில் நட்டு, சைலன்சர் போல்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நெடுந்தூரப் பயணத்தை முதல் ஆயில் மாற்றத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டால் இரண்டாவது நடை மிச்சம். ஆர்.சி. திருத்தியதும் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பாலிசியில் பழைய எண் இருந்தால் விபத்தின்போது இழப்பீடு கேட்பதில் சிக்கல் வரும்.

பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடும்போதும் பில் வாங்கி, எண்ணைக் குறிப்பிட்டு, நகலை ஆர்.சி. கோப்பிலேயே வைத்திருங்கள். அந்த எண் நாளை வேறொரு வண்டியில் தலைகாட்டினால், முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.